டிரஃபிளா, மோரலா, புற்றுக்காளானா, பால் காளானா? காட்டுக் காளான் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"சிப்பிக் காளான்தான் எல்லாரும் போடுறாங்களே. கிலோ ஆயிரக்கணக்குல போற காட்டுக் காளானை நம்ம நிலத்துல போட முடியாதா?"

பால் காளான் குடில் வைத்திருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். இந்த ஆண்டு மூன்று பேர் உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டிய நிலையில் வந்து கேட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்றவர், கொடைக்கானல் மேல்மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். டிரஃபிள் நடலாமா என்றார். இன்னொருவர் சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர். ஊட்டிப் பக்கம் குத்தகைக்கு இடம் பிடித்து மோரல் போட நினைக்கிறார். மூன்றாமவர் தென்காசிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஓர் அக்கா. மழைக்காலத்தில் அவர் தோப்பில் புற்றுக்காளான் தானாக முளைக்கிறது, அதைப் பெருக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி.

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக வைக்கிறேன். நான்காவதாகப் பால் காளானையும் சேர்த்திருக்கிறேன். அதுவும் ஒரு காட்டுக் காளான்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையிலிருந்து தொடங்காதீர்கள். முதல் கேள்வி, இந்தக் காளான் எதைத் தின்று வாழ்கிறது என்பதுதான். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

காளான் ஒரு பூஞ்சை. பூஞ்சைக்கு இலை கிடையாது, வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளத் தெரியாது. யாரிடமிருந்தாவது வாங்கித்தான் தின்ன வேண்டும். பால் காளான், சிப்பிக் காளான், பட்டன் காளான் எல்லாம் செத்த பொருளை மக்கவைத்துத் தின்பவை. வைக்கோலோ மரத்தூளோ கொடுத்தால் போதும். டிரஃபிள் அப்படியில்லை. உயிரோடிருக்கும் மரத்தின் வேர்நுனியைச் சுற்றிக்கொண்டு, மண்ணிலிருந்து தண்ணீரும் சத்தும் மரத்துக்குக் கொடுத்து, மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மரம் இல்லாமல் அது இல்லை. புற்றுக்காளானுக்கு மரமும் போதாது, கரையான் வேண்டும். மோரல் இந்த வகைப்பாட்டுக்குள் சரியாக அடங்காத ஒன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

காட்டுக் காளானுக்கு இவ்வளவு விலை இருப்பதற்குப் பெரிய காரணமே இதுதான். வைக்கோலில் வளர ஒத்துக்கொண்டிருந்தால் அதன் விலையும் என்றைக்கோ இறங்கியிருக்கும்.

அதற்கு அடுத்து நான் பார்ப்பவை ஐந்து:

- நம் மண்ணும் குளிரும் வெயிலும் அதற்கு ஒத்துவருமா?
- முதல் காளானைக் கையில் எடுக்க எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை பணம் எங்கே முடங்கிக் கிடக்கும்?
- விதையோ (காளானுக்கு விதை என்பது வளர்த்தெடுத்த பூஞ்சை இழைதான்) கன்றோ அசல்தானா என்று நம்மால் சரிபார்க்க முடியுமா?
- அறுவடை செய்த அன்றைக்கு யார் வாங்குவார்கள்?
- தோற்றால் கையில் என்ன மிஞ்சும்?

கடைசிக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்பதில்லை.

| | கருப்பு டிரஃபிள் | மோரல் | புற்றுக்காளான் | பால் காளான் |
|---|---|---|---|---|
| உணவு | உயிருள்ள ஓக், ஹேசல் மர வேர் | மண், அதன் மேல் வைக்கும் தானியப் பை | கரையான் கட்டும் பூஞ்சைத் தோட்டம் | வைக்கோல் |
| தட்பவெப்பம் | நீண்ட குளிர்காலம், மிதமான கோடை, சுண்ணாம்பு மண் | குளிர்ந்த மண், மெல்ல ஏறும் வெப்பம் | நம் மழைக்காலம் | 30–35 டிகிரி வெப்பம் |
| முதல் அறுவடை | 5 முதல் 8 ஆண்டு, சில நேரம் மேலும் | 4–5 மாதம், வந்தால் | மழை முடிவு செய்யும் | 24–28 நாள் |
| விதை, கன்று சரிபார்ப்பு | ஆய்வகம் வேண்டும் | கடினம் | விதை என்றே ஒன்று இல்லை | எளிது |
| தோற்றால் மிஞ்சுவது | மரங்கள் | ஒரு பருவம் போச்சு | செலவே இல்லை | ஒரு மாதம், மக்கிய வைக்கோல் உரம் |

## கருப்பு டிரஃபிள்

மண்ணுக்கு அடியில் உருளைக்கிழங்கு போல உருண்டு விளையும் காளான் இது. வாசனைதான் இதற்கு எல்லாமே. மண்ணை விட்டு வெளியே வந்த சில நாளிலேயே அந்த வாசனை குறையத் தொடங்கிவிடும்.

டிரஃபிளை வளர்க்கவே முடியாது என்று சிலர் சொல்வது தவறு. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1800களின் தொடக்கத்தில், பிரான்ஸின் தென்கிழக்கே ஆப்ட் ஊருக்கு அருகில் ஜோசப் தாலோன் என்ற விவசாயி, டிரஃபிள் கிடைக்கும் ஓக் மரங்களின் அடியில் விழுந்த கொட்டைகளைப் பொறுக்கி வேறு நிலத்தில் நட்டார். சில ஆண்டுகளில் அந்த மரங்களின் கீழும் டிரஃபிள் வந்தது. மரத்தின் வேரோடு பூஞ்சையும் வந்து சேர்ந்தது என்ற விளக்கம் அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் வழி சரியாக இருந்தது. அதே வட்டாரத்தில் கார்பாந்த்ரா ஊரைச் சேர்ந்த ஒகுஸ்த் ரூஸோ இதைப் பெரிய அளவில் செய்து, 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் தன் டிரஃபிளைக் கொண்டுபோய் வைத்தார்.

அப்புறம் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. காலியான சுண்ணாம்பு நிலங்களில் விவசாயிகள் ஓக் நட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டின் விளைச்சல் ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவுக்குப் போனதாகக் கணக்குச் சொல்கிறார்கள். இரண்டு உலகப் போர்களில் கிராமங்கள் காலியாகி, தோட்டங்கள் பராமரிப்பில்லாமல் காடு மூடிப்போய், இன்று அது சில பத்து டன்னாகச் சுருங்கிவிட்டது. மரம் இருந்தாலும் ஆள் இல்லாவிட்டால் டிரஃபிள் நிற்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

1970களில் வேரில் பூஞ்சை ஏற்றிய கன்றுகள் விற்பனைக்கு வந்தபின் கதை மறுபடி மாறியது. ஸ்பெயினின் தெருவேல் வட்டாரத்தில் வறண்ட மேட்டுநிலங்கள் டிரஃபிள் தோட்டங்களாயின. ஆஸ்திரேலியாவில் 1999இல் தாஸ்மேனியாவிலும், பிறகு மேற்கே மஞ்சிமுப்பிலும் விளைந்தது. ஐரோப்பாவில் புது டிரஃபிள் இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் அறுவடை செய்வதால் சந்தையும் கிடைத்தது.

சரி, மேல்மலையில் ஏன் கூடாது? மண்ணின் பி.எச். 7.5 முதல் 8.3 வரை இருக்க வேண்டும். நம் மலைமண் புளிப்பு மண். இது ஒன்று மட்டும் என்றால் தடையில்லை. மஞ்சிமுப்பிலும் மண் புளிப்புதான், சுண்ணாம்பை டன் டன்னாகக் கொட்டித்தான் சரி செய்தார்கள். உண்மையான தடை பருவம். டிரஃபிளுக்குக் குளிர்காலமும் கோடையும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும், மண் மாதக்கணக்கில் குளிர்ந்து கிடக்க வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சில இரவுகள் உறைபனி விழுகிறது. ஆனால் மறுநாள் பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஓக் மரமே தன் இலையுதிர் பருவத்தைச் சரியாகக் கண்டுகொள்ளாத இடத்தில், அதன் வேரை நம்பியிருக்கும் பூஞ்சை என்ன செய்யும்?

மறைந்திருக்கும் செலவுகளைப் பாருங்கள். முதலாவது கன்றின் நம்பகத்தன்மை. இமயமலையில் எடுத்து 1892இல் பெயரிடப்பட்ட டியூபர் இண்டிகம் என்ற டிரஃபிள் ஒன்று உண்டு. இப்போது சீனாவிலிருந்து ஏராளமாக வருகிறது. பார்வைக்குக் கருப்பு டிரஃபிள் போலவே இருக்கும், வாசனை மட்டும் சொற்பம். இத்தாலியில் ஒரு தோட்டத்தில் அசல் என்று நம்பி நட்ட மரங்களின் வேரில் இந்தப் பூஞ்சை இருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கேயே அப்படி என்றால், இணையத்தில் கன்று வாங்கும் நமக்கு என்ன பாதுகாப்பு? வேர்நுனியை ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்யாமல் தெரியாது. இரண்டாவது, இந்தப் பூஞ்சையில் ஆண், பெண் போல ஒன்றோடொன்று சேர வேண்டிய இரண்டு இணைவகைகள் உண்டு; இரண்டும் ஒரே மண்ணில் இருந்தால்தான் காய் பிடிக்கும். 2010இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானபோதுதான் இது உறுதிப்பட்டது. மூன்றாவது, வெளிநாட்டுக் கன்று கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். பையில் மறைத்துக் கொண்டுவருவது சட்டத்துக்கும் நம் காடுகளுக்கும் கேடு. இவற்றுக்கு மேல் கோடைப் பாசனம், களை, பன்றி வேலி, மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்.

எனவே டிரஃபிள் யாருக்கு நல்ல முடிவு? சுண்ணாம்புச் சத்துள்ள குளிர்நிலம் ஏற்கெனவே கையில் இருப்பவர், பத்து ஆண்டு அந்த நிலத்திலிருந்து வருமானம் எதிர்பார்க்காதவர், மரம் வளர்ப்பதையே விரும்பிச் செய்பவர். காஷ்மீர், இமாச்சலம் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட ஒருவர் முயன்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் எங்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தாலியின் ஆல்பா ஊருக்குப் பெயர்போன வெள்ளை டிரஃபிளைக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அதன் இயற்கை எல்லைக்கு வெளியே, பிரான்ஸில் ஆய்வு நிறுவனமும் நாற்றங்காலும் சேர்ந்து வளர்த்ததை 2021இல் அறிவித்தார்கள். ஒரு தோட்டத்தில் 2019இல் மூன்று, 2020இல் நான்கு டிரஃபிள். நான் சொல்வது கிலோ அல்ல, எண்ணிக்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் டிரஃபிள் எண்ணெயின் வாசனை பெரும்பாலும் 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை வேதிப்பொருளிலிருந்து வருவது. அந்த எண்ணெயை முகர்ந்துதான் ஆசை வந்தது என்றால், நிலத்தில் பணம் போடும் முன் அசலை ஒருமுறையாவது சாப்பிட்டுப் பாருங்கள்.

## மோரல்

இமயமலைப் பகுதியில் குச்சி என்பார்கள், மேற்கே மோரல். தேன்கூடு மாதிரி குழிகுழியான தலை. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைவாசிகள் பனி உருகும் காலத்தில் காட்டில் தேடி எடுத்து, காயவைத்து விற்கிறார்கள். நாம் கேள்விப்படும் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் விலையெல்லாம் காய்ந்த காளானுக்கு. ஒரு கிலோ காய்ந்ததற்கு ஏறக்குறைய பத்துக் கிலோ பச்சைக் காளான் வேண்டும். திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். பச்சை விளைச்சலைக் காய்ந்த விலையால் பெருக்கிவிடுகிறார்கள்.

மோரலை வளர்க்கும் கதவைத் திறந்தவர் அமெரிக்காவின் ரொனால்ட் ஓவர். 1982இல் கட்டுப்படுத்திய அறையில் மோரலை முளைக்கவைத்ததை வெளியிட்டார். ஆனால் பரவலாக வயலுக்குக் கொண்டுவந்தவர்கள் சீன விவசாயிகள். 2012க்குப் பிறகு சிச்சுவானில் தொடங்கி ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. அவர்கள் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது, கேட்டால் வியப்பாக இருக்கும். நெல் அறுத்த வயலில் நிழல்வலை கட்டி, குளிர் தொடங்கும்போது மண்ணில் விதையைக் கலக்கிறார்கள். ஓரிரு வாரத்தில் மண்மேல் உறைபனி படிந்தது போல வெள்ளைப் படலம் வரும். அப்போது கோதுமையும் உமியும் வேகவைத்து அடைத்த பைகளை, ஒரு பக்கம் கிழித்து, கிழிந்த பக்கம் மண்ணைத் தொடும்படி வைக்கிறார்கள். பூஞ்சை பைக்குள் ஏறி, சத்தை எடுத்து மண்ணுக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். வசந்தத்தில் மண் மெல்லச் சூடேறும்போது அந்தச் சேமிப்பிலிருந்து காளான் எழும்பும்.

டென்மார்க்கில் கிர்க் சகோதரர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்து, ஆண்டு முழுக்க உள்ளரங்கில் வளர்க்கும் முறையை 2021இல் அறிவித்தார்கள். அதே ஆண்டையொட்டி நம் நாட்டிலும் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககம் குச்சியை வளர்த்துக் காட்டியது. ஆக, முடியாத காரியம் இல்லை.

நான் பார்த்ததையும் சொல்கிறேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன் மேல்மலையில் ஒரு நண்பரின் நிலத்தில் இரண்டு சென்ட் போட்டோம். விதை இணையத்தில் வாங்கியது. வெள்ளைப் படலம் அழகாக வந்தது, பைகளிலும் இழை ஏறியது. நாங்கள் தினமும் போய்ப் பார்த்தோம். பிப்ரவரி முடிந்து மார்ச்சும் முடிந்தது. ஒரு காளான்கூட வரவில்லை. மண்வெப்பம் காரணமா, விதை காரணமா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஏனென்றால் விற்றவரிடம் எந்த இனம் என்று கேட்டதற்கு "மோரல்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. சீனாவில் வயலில் பயிராவது மொர்கெல்லா இம்போர்ச்சுனா, செக்ஸ்டெலாட்டா போன்ற சில இனங்கள்தான். காட்டில் கிடைக்கும் எல்லா மோரலும் வயலுக்கு வராது. வெள்ளைப் படலம் வருவது வெற்றியின் அடையாளம் அல்ல என்பதை நாங்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

மறைந்த செலவுகள்: ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் விளைச்சல் விழும், நோய் வரும், ஆகவே இடம் மாற்ற வேண்டும் அல்லது இடையில் நெல் போடுவது போலத் தண்ணீர் கட்ட வேண்டும். மலையில் இரண்டுமே சிரமம். காயவைக்கும் கருவி வேண்டும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், மோரலைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் நஞ்சு. வாங்குபவருக்கு இதைச் சொல்லும் பொறுப்பும் வளர்ப்பவருடையது.

வேறு வருமானம் இருந்து, ஐந்து சென்டுக்கு மேல் போகாமல், மண்வெப்பமானி வைத்துக் குறிப்பெழுதிச் செய்பவருக்கு மோரல் நல்ல சோதனை. கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் போடுபவருக்கு அல்ல. சீனாவிலேயே ஒரு வயல் கொட்டும், பக்கத்து வயல் வெறுமையாகக் கிடக்கும்.

## புற்றுக்காளான்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இடி மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் கூடையோடு கிளம்பும் வழக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. எந்த வேலியோரம், எந்தப் புற்றடி என்று குடும்பத்துக்குள்ளேயே ரகசியமாக வைத்திருப்பார்கள். கோழிக்கறி தோற்கும் சுவை என்பார்கள், நான் மறுக்க மாட்டேன்.

இதை நமக்கு முன்னாலேயே வளர்ப்பவை கரையான்கள். சருகும் காய்ந்த குச்சியும் தின்று, அரைகுறையாகச் செரித்து வெளியேற்றியதை வைத்துப் புற்றுக்குள் கடற்பஞ்சு மாதிரி அடுக்குக் கட்டுகின்றன. அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. கரையானால் செரிக்க முடியாத மரநாரைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்கிறது. கரையான் அந்த அடுக்கையும் அதில் வரும் சின்ன வெள்ளை உருண்டைகளையும் தின்கிறது. இந்த உறவுக்கு வயது சுமார் மூன்று கோடி ஆண்டு. மழை வந்து பருவம் கூடும்போது பூஞ்சை நீண்ட வேர் போன்ற தண்டை மேலே அனுப்பி, மண்ணைப் பிளந்துகொண்டு குடை விரிக்கிறது. கவனமாகத் தோண்டினால் அந்தத் தண்டு அடுக்கு வரை போவதைப் பார்க்கலாம்.

கரையான் அங்கே செய்யும் வேலை உணவு கொடுப்பது மட்டுமல்ல. இரவு பகலாக மற்ற பூஞ்சைகளைக் களையெடுக்கிறது, ஈரமும் காற்றும் மாறாமல் காக்கிறது. கரையான் செத்துப்போன புற்றில் சில நாளிலேயே வேறு பூஞ்சை ஏறி அடுக்கையே மூடிவிடும். நாம் குடில் கட்டி இதை ஈடு செய்ய முடியவில்லை. ஆய்வகத் தட்டில் இழை வளரும், மெதுவாக. ஆனால் அதிலிருந்து காளானை நம்பகமாக, விற்கும் அளவுக்கு எடுக்கும் முறை எதுவும் கைக்கு வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சீனாவில் புற்றுக்காளானை ஜீசோங் என்கிறார்கள். அங்கே "கருந்தோல் ஜீசோங்" என்று ஒரு காளானைப் பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள். பெயர்தான் அப்படி, அது ஓடிமான்சியெல்லா என்ற வேறு இனம், மரத்தூளில் வளர்வது. நல்ல காளான்தான், புற்றுக்காளான் அல்ல. "புற்றுக்காளான் விதை" என்று யாராவது பையில் விற்றால், அது இதுபோல வேறு ஏதாவதுதான்.

அப்படியானால் தென்காசி அக்காவுக்கு என்ன வழி? வளர்க்க முடியாது, பாதுகாக்கலாம். பாதுகாப்பதால் விளைச்சல் நின்றுபோகாமல் இருக்கும். அவரிடம் சொன்னவை இவை. புற்றுகளைச் சுற்றிப் பத்தடி உழவேண்டாம். கரையான் மருந்து ஊற்ற வேண்டாம். சருகை எரிக்காமல் புற்றோரம் குவித்து வையுங்கள். காளானைத் தோண்டாமல், மண்மட்டத்தில் திருகியோ அறுத்தோ எடுங்கள். தோண்டினால் அடுக்கு கலையும். எல்லாவற்றையும் மொட்டாக எடுத்துவிடாமல் ஒவ்வொரு இடத்திலும் சிலவற்றை முழுக்க விரிய விடுங்கள். கடைசியாகச் சொன்னது வெறும் பெருந்தன்மை அல்ல. பெரும்பாலான இனங்களில், புதிதாகக் கட்டும் புற்றுக்குப் பூஞ்சை தாய்ப்புற்றிலிருந்து போவதில்லை. விரிந்த குடையிலிருந்து தூசி போல வெளியே உதிர்ந்த வித்துகளை வேலைக்காரக் கரையான்கள் சேர்த்துக் கொண்டுபோகின்றன. விரியவே விடாவிட்டால் வித்து எங்கிருந்து வரும்?

இதற்கும் செலவு உண்டு. கரையான் இளந்தென்னங்கன்றையும் கரும்புக் கரணையையும் தின்னும். எனவே புற்றை விடும் இடம் வேலியோரமோ தரிசோ ஆக இருக்க வேண்டும், நாற்றங்கால் பக்கத்தில் கூடாது. விளைச்சல் ஆண்டுக்குச் சில நாள்தான். அடையாளம் தெரிந்த ஆள் கட்டாயம் வேண்டும். புல்வெளியில் வரும் குளோரோஃபில்லம் என்ற வெள்ளைக் குடைக்காளான் பார்க்க ஆசையாக இருக்கும், முற்றினால் குடையின் அடியில் உள்ள செவுள்கள் பச்சையாகும். தின்றால் கடும் வாந்தி, பேதி. புற்றடியில் வருவதெல்லாம் புற்றுக்காளான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## பால் காளான்

வெள்ளைவெளேரென்று தடித்த தண்டோடு கடையில் இருக்கும் இந்தக் காளான், மேற்கு வங்கத்தில் கண்டெடுக்கப்பட்டு 1974இல் கேலோசைப் இண்டிகா என்று பெயர் பெற்ற காட்டுக் காளான். அதை வணிகப் பயிராக மாற்றியதில் பெரிய பங்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடையது. 1998இல் வந்த ஏ.பி.கே. 2 ரகத்தில் உள்ள ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டை. கரிசல் வெயிலில் வளரும் ஒரு காளானை உலகத்துக்குக் கொடுத்த ஊர் அது. காட்டுக் காளானை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை நம் ஊரிலேயே ஒருமுறை நிறைவேறியிருக்கிறது. அது நிறைவேறியதற்குக் காரணம் இந்தக் காளான் வைக்கோலைத் தின்னும், 35 டிகிரியிலும் முளைக்கும் என்பதுதான்.

வேலை இப்படிப் போகும். நறுக்கி வேகவைத்த வைக்கோலைப் பையில் அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே விதை தூவிப் படுக்கை போடுகிறோம். இரண்டு வாரத்துக்குள் வெள்ளை இழை முழுக்கப் பரவிவிடும். படுக்கையை இரண்டாக வெட்டி, வேகவைத்த மண்ணில் சுண்ணாம்புத் தூள் கலந்து மேலே ஓர் அங்குலத்துக்குள் போடுகிறோம். இதைக் கேசிங் என்போம். எட்டுப் பத்து நாளில் மொட்டு, அடுத்த ஒரு வாரத்தில் அறுவடை. ஒரு படுக்கையின் ஆயுள் மொத்தம் 45–50 நாள். கைப்பழக்கம் வந்தபின் ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடுப்பது எட்டக்கூடிய அளவுதான். நீலச் சில்பாலின் தார்ப்பாய்க் கூரை போட்டுப் பாதி நிலத்தில் இறக்கிய குடிலே போதும், குளிர்சாதனம் வேண்டாம். சிப்பிக் காளான் மறுநாளே துவளும். இது மூன்று நாள் வெளியில் தாங்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், பொங்கலுக்கும் விடுமுறை இல்லை. கேசிங் மண் சரியாக வேகாவிட்டால் பச்சைப் பூஞ்சணம் வந்து ஒரே வாரத்தில் குடிலே போய்விடும். காளான் ஈக்கு வலை வேண்டும். மார்கழி, தையில் வெப்பம் இறங்கினால் மொட்டு நின்றுவிடும். வைக்கோல் விலை அறுவடைக் காலத்தில் ஒன்று, ஆடியில் வேறொன்று. விலையும் டிரஃபிள் விலை அல்ல, காய்கறிக் கடைக்காரரோடு பேசி வாங்கும் விலைதான். வளர்ப்பதைவிட விற்பதுதான் பாதி வேலை.

இதன் அண்ணன் வைக்கோல் காளானையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1940களிலேயே கோயம்புத்தூரில் வளர்த்துப் பார்த்தது அது. சுவையில் பால் காளானைவிட மேல். ஆனால் முட்டைப் பருவத்தில் பறித்த சில மணி நேரத்தில் விரியத் தொடங்கும், குளிர்பெட்டியில் வைத்தால் நீர்விட்டுக் குழைந்துவிடும். காலையில் பறித்து மதியத்துக்குள் வாங்கிச் சமைக்கும் உணவகம் ஒன்று பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இது ஏற்றது.

## விதை வாங்கும் முன்

எந்தக் காளானானாலும் விற்பவரிடம் இனத்தின் அறிவியல் பெயர், விதை தயாரித்த தேதி, அவரே வளர்த்து எடுத்த இடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். நேரில் போய் விளைந்து நிற்பதைப் பாருங்கள். "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தத்தோடு விலையுயர்ந்த விதை விற்பவர்களிடம், போன பருவத்தில் வாங்கிய இரண்டு விவசாயிகளோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பேச விடாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

மேல்மலைக்காரர் டிரஃபிளை விட்டுவிட்டார். அதே நிலத்தில் ஐந்து சென்ட் மோரல் சோதனைக்கு ஒதுக்கி, நவம்பருக்குள் மண்வெப்பமானி வாங்கச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆண்டு விதைகூட வேண்டாம், மண்ணின் வெப்பத்தை மட்டும் தினமும் காலை, மாலை எழுதி வைக்கட்டும். சென்னை இளைஞர் குத்தகைப் பணத்தை நிறுத்திவைத்துவிட்டு, மார்ச்சில் சொந்த ஊரில் இருபது படுக்கை பால் காளான் போடுகிறார். அறுவடையை அவரே கடைகடையாகக் கொண்டுபோய் விற்றுப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் பேசிக்கொண்ட நிபந்தனை. தென்காசி அக்கா தோப்பில் உள்ள புற்றுகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட கல் நட்டுவிட்டார். எந்தப் புற்றில், எந்த மழைக்கு, எத்தனை நாள் கழித்துக் காளான் வந்தது என்று இந்த ஆண்டிலிருந்து எழுதி வைக்கிறார்.